குளிர்காலத்தில் காணாமல் போகும் மேடு

ஒடீல் ரெவோலுக்குப் பனிச்சறுக்கு தெரியாது. கிரெனோபிளில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது, ஆற்றங்கரையில் வீடு கட்டிக்கொண்டு எனக்கு நீச்சல் தெரியாது என்பதைப் போல. எங்கள் ஊரில் குழந்தை நடக்கப் பழகிய மறுவருஷமே மலைக்கு ஏற்றிவிடுவார்கள். அவளையும் பள்ளிக்கூடத்தில் ஏற்றினார்கள். ஏறிய அன்றே கால் எலும்பை முறித்துக்கொண்டு கீழே வந்தாள். அதோடு சரி. "மலையப் பாக்க ஜன்னல் போதும்" என்பாள். குளிர்காலம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் எந்தச் சரிவில் பனி இறுகியிருக்கிறது, எந்தச் சரிவில் யார் குப்புற விழுந்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தால், இவள் ஓசைப்படாமல் எழுந்து போய்விடுவாள். கேலி பண்ணுவார்கள் என்ற பயம். பண்ணவும் செய்தார்கள்.

பிறந்தது லா மூரில். அப்பா அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். படிக்க மலையிலிருந்து இறங்கி வந்தவள், இங்கேயே ஆந்தெல்மைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். ஆற்றங்கரையிலிருந்து கம்பியில் தொங்கியபடி கோட்டைக்குப் போகும் வண்டியில் ஆள் ஏற்றி இறக்குவது ஆந்தெல்மின் வேலை. வாயாடி. "மாமனார் கரியத் தோண்டுனாரு, மக கரியத் தடவிப் பாக்குறா. கை கழுவுற சோப்புக்கே என் சம்பளம் பத்தல" என்று வண்டியில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவான்.

அவன் சொல்வதில் பாதி உண்மை. ஒடீல் தடவிப் பார்த்தது கிராஃபைட்டை. பென்சிலில் இருக்கும் அதே சாமான்தான், மெல்லிய சாம்பல் நிறத் தகடாக வரும். அதன்மேல் ஹெப்டேன் என்ற திரவத்தை விடுவாள். ஏழு கார்பன் வரிசையாகக் கோத்த சின்னச் சங்கிலி அது, பெட்ரோலின் பங்காளி. கிராஃபைட்டை முதலில் தொடுகிற சங்கிலிகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் ஓர் அடுக்கு. ஆறு கார்பனும் எட்டுக் கார்பனும் மீன்முள்போல எதிரும் புதிருமாகப் படுக்கும். ஏழு மட்டும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுக்கும். ஏன் என்று கேட்டால் எங்களிடம் பெரிய பெரிய பதில்கள் உண்டு. இப்போது வேண்டாம்.

இதை எல்லாம் உறைய வைத்துவிட்டு மெல்ல மெல்லச் சூடாக்குவாள். மேலே கிடக்கும் மொத்தத் திரவமும் முதலில் உருகும். அப்போது வெப்பம் அளக்கும் இயந்திரத்தின் பேனா தாளில் ஒரு பெரிய மேடு வரையும். ஆனால் கிராஃபைட்டை ஒட்டிப் படுத்திருக்கும் அந்த அடுக்கு மட்டும், வீடே எழுந்து காபி குடித்த பிறகும் போர்வையை இழுத்துக்கொண்டு கிடக்கிறவனைப் போல, உருகாமல் அடம்பிடிக்கும். இன்னும் கொஞ்சம் சூடு ஏறிய பிறகுதான் எழுந்திருக்கும். அப்போது பேனா ஒரு சின்ன மேடு வரையும். அந்தச் சின்ன மேடுதான் ஒடீலின் சொத்து. எண்பத்தேழாம் வருஷத்து வசந்தத்தில் அதைக் கண்டுபிடித்தாள். திரும்பத் திரும்ப அளந்தாள், ஒவ்வொரு தடவையும் வந்தது. கட்டுரையாக எழுதினோம். அளந்தவள் அவள். என் கணினியில் அந்த மூலக்கூறுகளைப் படுக்கவைத்துக் கணக்குப் போட்டவன் நான். தலைவர் என்ற முறையில் ஷார்வோவின் பெயரும் இருந்தது.

லாம்பெர் ஷார்வோ எங்கள் கூடத்தின் தலைவர், வேதியியல்காரர். உயரமான ஆள், நல்ல குரல், விருந்தில் கதை சொன்னால் பக்கத்து மேசைக்காரனும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான். அவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒருதலைப்பட்சம் என்று யாரும் சொல்லக்கூடாது.

கட்டுரை வெளிவந்ததும் எடின்பரோவிலிருந்து கெர் என்று ஒருவர் தொலைபேசியில் பேசினார். மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய வேலை தொடங்கப்போவதாகவும், ஒடீலின் இயந்திரத்தை அதில் சேர்க்கலாமா என்று நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். குளிர்காலம் முடிவதற்குள் வருவார். ஷார்வோ கை இரண்டையும் தேய்த்துக்கொண்டு ஒடீலிடம் வந்தார்.

"மதாம் ரெவோல், அந்த மேட்ட தயாரா வச்சிருங்க. அவரு வந்தா கண்ணு முன்னால காட்டணும்."

"அதுக்கென்ன முசியே, அது எப்பவும் வருமே."

நவம்பரில் முதல் பனி விழுந்தது. மேடு வரவில்லை.

பெரிய மேடு எப்போதும்போல வந்தது. அதற்குப் பிறகு சின்னது வரவேண்டிய இடத்தில் பேனா சும்மா நேராகப் போயிற்று. ஒடீல் தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். எனக்கு அந்த வருஷம் முழங்கால் அறுவை. மலைப்பக்கம் போகக்கூடாது என்று வைத்தியர் உத்தரவு. கழியை ஊன்றிக்கொண்டு எப்போதும் மேசையிலேயே கிடந்தேன்.

"பிளேஸ், இதப் பாரு. ஆள் படுக்கவே இல்ல."

"என் கம்ப்யூட்டர்ல படுக்குதே. நேத்துக்கூட படுத்துச்சு."

"உன் கம்ப்யூட்டருக்குள்ள மழை பெய்யாது, கரண்ட் போகாது, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்க மாட்டான். அங்க எவன் வேணா ஒழுங்கா படுப்பான்."

முதலில் சிரித்தோம். அடுத்த வாரமும் வரவில்லை. ஹெப்டேன் கெட்டிருக்கும் என்று புதுப் புட்டி வாங்கினாள். வரவில்லை. கிராஃபைட் பழசு என்று புதுத் தகடு வெட்டினாள். வெப்பம் காட்டும் கம்பியை மாற்றினாள், குழாய்களை மாற்றினாள், வாயுவை மாற்றினாள். ஒவ்வொரு புதன்கிழமையும் தகடுகளை அடுப்பில் சுடவைத்து அழுக்கெல்லாம் போக்கி, வியாழன் காலையில் அடுப்பறை அலமாரியில் ஆறவைத்து, மத்தியானத்துக்கு மேல் எடுத்து மூடி, வெள்ளிக்கிழமை அளப்பாள். அடுப்பு எல்லோருக்கும் பொது, அவள் முறை புதன்கிழமை. வசந்தத்திலும் இதேதான் செய்தாள். அப்போது வந்த மேடு இப்போது ஏன் வரவில்லை? எனக்கும் தலைகால் புரியவில்லை. எங்கள் கணக்கு தப்பா, அல்லது வசந்தத்தில் பார்த்ததுதான் தப்பா?

"எல்லாத்தையும் மாத்திட்டேன் பிளேஸ்," என்றாள் ஒருநாள், கிறிஸ்துமஸுக்கு முன்னால். "இன்னும் மாத்தாதது நான் ஒருத்திதான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு என்னவோ போலிருந்தது.

ஜனவரியில் அவளுடைய குழப்பம் வீட்டுக்கும் போய்விட்டது. ஆந்தெல்ம் என்னைக் காபிக்கடையில் பிடித்துக்கொண்டான். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, என்ன நடக்குது உங்க கூடத்துல? ஞாயித்துக்கிழமை கிராத்தான் பண்ணுனா. உருளைக்கிழங்குக்கு உப்புப் போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்து ரெண்டு தடவ போட்டுட்டா. வாயில வைக்க முடியல. நான் சாப்பிட்டேன், வேற வழி? கதவப் பூட்டுனேனான்னு பாதி வழியில இருந்து திரும்பிப் போறா. நேத்து என் வண்டில ஏறி உக்காந்துகிட்டு, 'இது மேல போறதுதான?'ங்கறா. அடிவாரத்துல நிக்கிற வண்டி மேல போகாம வேற எங்கண்ணே போகும்?"

"வேலையில கொஞ்சம் தடங்கல். சரியாயிடும்."

"அவ கண்ணுல பாத்தத அவளே நம்ப மாட்டேங்கறா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வந்தது. ஊரே மலைக்கு ஏறிவிட்டது. கூடத்தில் காவல்காரரைத் தவிர ஆள் இல்லை. ஒடீல் மட்டும் வழக்கம்போல வந்து, வழக்கம்போலத் தகட்டைச் சுட்டு, ஆறவைத்து, அளந்தாள். வெள்ளிக்கிழமை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"வந்துடுச்சு பிளேஸ்! வந்துடுச்சு! அப்படியே வசந்தத்துல வந்த மாதிரி!"

குரலில் அழுகை இருந்தது. திங்கட்கிழமை கழியை ஊன்றிக்கொண்டு போய்த் தாளைப் பார்த்தேன். பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் சின்ன மேடு, கன்றைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு படுத்திருக்கும் பசு மாதிரி. அவள் தாளைத் தடவிக்கொண்டே இருந்தாள். விடுமுறை முடிந்து எல்லோரும் வெயிலில் சிவந்த மூக்கோடு திரும்பி வந்தார்கள். ஒடீல் மறுபடி அளந்தாள். மேடு இல்லை.

இதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. அதுவரை, இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தவர்கள் இப்போது அவளை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் இல்லாதபோது வருகிற மேடு, ஆள் வந்ததும் ஓடிவிடுகிறது என்றால் என்ன அர்த்தம்? அலுவலகத்து ஜோசியான் நாக்கில் நரம்பில்லாதவள்.

"தனியா இருக்கறப்ப வருது, கதவத் தட்டுனா காணோம். எங்க தெருவுல இதுக்கு வேற பேரு சொல்லுவாங்க" என்றாள் எல்லோரும் கேட்க.

எல்லோரும் சிரித்தார்கள். ஒடீல் கூடவே சிரித்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷார்வோ அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கட்டுரையில் என் பெயரும் இருக்கிறதே.

"உக்காருங்க மதாம். நான் யார் மேலயும் எதுவும் சொல்லல," என்று ஆரம்பித்தார். யார்மேலும் எதுவும் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கிறவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "ஆனா ஒண்ணு பாருங்க. நீங்க மட்டும் இருக்கறப்ப வர்ற ஒரு முடிவ, ஒரு கூடத்தோட தலைவன்ங்கற முறையில நான் எப்படி நிமிந்து நின்னு சொல்றது?"

"முசியே, நான் அதே வேலையத்தான் செய்யறேன். ஒவ்வொரு தடவையும் அதே."

"செய்யறீங்க. சரி. அப்ப வசந்தத்துல வந்தது எது?"

"தெரியல."

"லீவுல வந்தது எது?"

"தெரியல முசியே."

"வர்ற வெள்ளிக்கிழமை கெர் வர்றாரு. அவரு கண்ணு முன்னால வந்தா சந்தோஷம். வரலைன்னா, கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறோம்னு நாங்க எழுதிடறோம். இயந்திரத்த மேல்மாடிக்காரங்க கேக்குறாங்க. சும்மா கிடக்கறதுக்கு அவங்களாவது வச்சுக்கட்டும்."

நான் சத்தம் போட்டேன். என் கணக்கும் அதையே சொல்கிறது, கணக்கையும் வாபஸ் வாங்குவீர்களா என்று கேட்டேன். "கணக்கு யாரு வேணா போடலாம் பிளேஸ்" என்று சிரித்தார். வாசலுக்கு வெளியே வந்ததும் ஒடீல் என் கையைப் பிடித்தாள்.

"வாபஸ் வாங்குனா, நான் இல்லாத ஒண்ண எழுதினேன்னு ஆயிடும், இல்ல?"

"ஆகாது."

"ஆகும். நீயே அப்படித்தான் நினைப்ப." பிடித்த கையை விட்டுவிட்டு, "நானே அப்படித்தான் நினைப்பேன்" என்றாள்.

வாபஸ் வாங்கிய கட்டுரைக்காரி என்றால் எங்கள் தொழிலில் என்ன மரியாதை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்கு நாற்பத்தேழு வயது. இன்னொரு மேட்டைத் தேடிப் போக நேரமும் இல்லை, யாரும் இயந்திரம் தரப்போவதும் இல்லை.

கெர் வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை. காலையில் தகடுகளை அடுப்பறை அலமாரியில் ஆறவைத்துவிட்டு ஒடீல் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். அந்தக் குளிர்காலத்து வியாழக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு அடுப்பறையில் ஆண்கள் கூட்டம் கூடிவிடும், சனிக்கிழமைக்குச் சறுக்குப் பலகைகளைத் தயார்செய்வதற்கு. அந்தச் சிரிப்பும் கும்மாளமும் கேட்டாலே ஒடீல் வேறு பக்கம் போய்விடுவாள், கூட்டம் கலைந்த பிறகுதான் தகடுகளை எடுப்பாள். என் வேலை மேசையோடு முடிகிறது. அடுப்பறைக்கு நான் எதற்குப் போகிறேன்?

"பிளேஸ், எந்திரி. என்கூட வா."

"எங்க?"

"தகடு எடுக்க. நான் எடுக்கறப்ப நீ பக்கத்துல நின்னு பாக்கணும். நான் எதையும் தொடல, எதையும் கலக்கலன்னு நாளைக்கு நீ சொல்லணும்."

"எனக்கு எதுக்கு சாட்சி? நான் உன்ன நம்பறேன்."

"எனக்கு வேணும். நானே என்ன செய்யறேன்னு எனக்கே தெரியல."

கழியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். அடுப்பறைக் கதவைத் திறந்ததும் மெழுகுவத்தியை ஊதி அணைத்த மாதிரி வாசனை. உள்ளே ஷார்வோ. சட்டைக் கையை மடித்துவிட்டு, யாருடையதோ பூப்போட்ட சமையல் மேலாடையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் ஒரு சறுக்குப் பலகை அடிப்பக்கம் மேலே தெரியப் படுத்திருந்தது. ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி, இன்னொரு கையில் கறுப்பு மெழுகுக்கட்டி. கட்டியைப் பெட்டியின் சூடான அடியில் அழுத்த, உருகிச் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. இன்னும் இரண்டு பேர் தங்கள் பலகைகளோடு வரிசையில் நின்றார்கள். மெழுகுப் புகை எழும்பி, காற்றை உறிஞ்சும் கூண்டுப்பக்கம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கூண்டுக்கு முன்னால் இருந்தது ஒடீலின் அலமாரி. அலமாரியில், சுட்டுச் சுத்தமான சாம்பல் தகடுகள் மூடாமல் ஆறிக்கொண்டிருந்தன.

ஒடீல் தகடுகளை எடுக்கத்தான் போனாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"முசியே, ஏன் பலகைக்கு இஸ்திரி போடறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாவம், சட்டை கசங்கிடுச்சாம் பலகைக்கு!" என்றான் ஒருவன். எங்கள் ஊரில் ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் அது. ஷார்வோவும் சிரித்தார், ஆனால் பெருந்தன்மையாக விளக்கினார்.

"மெழுகு மதாம். சூடா தேச்சா பலகைக்குள்ள இறங்கும். அப்புறம் பனியில வெண்ணெய் மாதிரி போகும்."

"என்ன மெழுகு?"

"சாதாரணப் பாரஃபின்தான். நீளச் சங்கிலி. இருபது, இருபத்தஞ்சு, முப்பது கார்பன் வரைக்கும்..."

"அது எதுல ஒட்டுது?"

"பலகையோட அடியில கிராஃபைட் கலந்து பண்ணியிருப்பாங்க, இப்ப வர்ற நல்ல பலகை எல்லாம் அப்படித்தான். நீளச் சங்கிலி கிராஃபைட்ட விடவே..."

அங்கே நின்றுபோனார். வாய் திறந்தபடியே இருந்தது. இஸ்திரிப்பெட்டி பலகைமேல் அப்படியே நிற்க, அடியிலிருந்து புகை கொத்தாகக் கிளம்பிற்று. யாரும் அதை எடுக்கவில்லை. எல்லோரும் அலமாரியைப் பார்த்தோம்.

வேதியியல் முதல் வருஷத்துப் பிள்ளையும் அறிந்தது இது. கிராஃபைட்டுக்கு நீளமான சங்கிலியைத்தான் அதிகம் பிடிக்கும். பாயில் ஆறடி ஆள் நீட்டிப் படுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு இடம் ஏது? மெழுகு ஒருமுறை தகட்டில் படிந்துவிட்டால், அதன்மேல் எவ்வளவு ஹெப்டேனை ஊற்றினாலும் ஏழு கார்பன் சங்கிலிக்குக் கிராஃபைட்டில் படுக்க இடம் கிடைக்காது. படுக்கவில்லை என்றால் உருகவும் இல்லை. உருகவில்லை என்றால் மேடும் இல்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் ஒவ்வொரு வியாழனும் அங்கே நின்று பலகை தேய்த்தவர்கள்தான். மெழுகு அவர்களுக்கு மெழுகு, அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு உண்டானது. அது வெள்ளிக்கிழமைக்குள் நுழையும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சறுக்கத் தெரியாத ஒடீலுக்கோ, அங்கே இஸ்திரிப்பெட்டி எதற்கு வருகிறது என்பதே தெரியாது.

அவள் சந்தோஷப்படவில்லை. முகத்தில் இன்னும் அதே குழப்பம். மெதுவாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

"அப்ப வசந்தத்துல?"

"வசந்தத்துல யாரு மெழுகு தேய்ப்பாங்க?" என்றான் வரிசையில் நின்றவன்.

"போன குளிர்காலத்துல?"

"அப்ப சைக்கிள் கொட்டகையில தேய்ச்சோம். காவல்காரன் நெருப்பு வைக்கக்கூடாதுன்னு விரட்டுனதுக்கு அப்புறம்தான் இங்க. இங்கதான் புகைய உறிஞ்சறதுக்குக் கூண்டு இருக்கே."

"லீவுல?"

லீவில் எல்லோரும் மலையில் இருந்தார்கள். ஷார்வோ இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

"மதாம் ரெவோல்," என்றார். குரலில் அந்தப் பழைய கம்பீரம் இல்லை. "நாளைக்கு வேண்டாம். கெர்கிட்ட இயந்திரம் சரியில்லன்னு சொல்லித் தள்ளி வைப்போம்."

"இல்ல முசியே." அவள் இப்படி அவருக்கு இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. "புதுத் தகடு இப்பவே அடுப்புல வைக்கறேன். காலைல பிளேஸோட ரூம்ல ஆறட்டும். இந்த மெழுகுத் தகட்டையும் அளக்கணும். ரெண்டையும். எனக்குப் பாக்கணும்."

மறுநாள் காலை என் புத்தக அலமாரிமேல் தகடுகள் ஆறின. சிகரெட் பிடிக்கக்கூடாது, கழிக்கு எண்ணெய் போடக்கூடாது, ஆரஞ்சுப்பழம்கூட உரிக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மூச்சு விடலாமா என்று கேட்டேன். "அந்தப் பக்கம் திரும்பி விடு" என்றாள், சிரிக்காமல்.

கெர் வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவக்காரர். எங்கள் மொழியைக் கல்லும் முள்ளுமாகப் பேசினார். முதலில் மெழுகு பட்ட தகடு. பேனா பெரிய மேட்டை வரைந்தது, பிறகு நேராகப் போயிற்று. பிறகு என் அறைத் தகடு. உறையவைத்துச் சூடாக்கி எடுப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. பெரிய மேடு வந்தது. பேனா இறங்கியது. கொஞ்ச தூரம் நேராக ஓடியது. ஒடீல் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனா மெல்ல ஏறி, சின்ன மேடு ஒன்றை வரைந்துவிட்டு இறங்கியது.

"அழகா இருக்கு" என்றார் கெர்.

உடனே ஷார்வோ கதையை ஆரம்பித்துவிட்டார். ஒரு ராத்திரித் தூக்கம் போதும் அவருக்கு, கம்பீரம் திரும்பி வந்துவிட்டது.

"கேளுங்க கெர், வேடிக்கையான கதை. குளிர்காலம் பூரா நாங்க மண்டையப் பிச்சுக்கிட்டோம். வருது, போகுது, ஒண்ணும் புரியல. நேத்து மத்தியானம் நான் என் பலகைக்கு மெழுகு தேச்சுக்கிட்டே யோசிக்கிறேன், பளிச்னு ஒரு வெளிச்சம்! இது பாரஃபின், அது கிராஃபைட்! இஸ்திரிப்பெட்டிய அப்படியே கீழ போட்டுட்டேன்!"

கெர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க ஊர்ல வெயில் அடிச்சாதான் எல்லாரும் வேலைய விட்டுட்டு வெளிய ஓடுவாங்க. வெயில்தான் அடிக்கறதே இல்லையே, அதனால எங்க ஊர்ல தப்பே நடக்கறதில்ல" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், ஜோசியான் எல்லோருக்கும் மேலே சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக நிறுத்தி வைத்தவர் இப்போது கதாநாயகனாக நிற்கிறார். அன்றிலிருந்து எத்தனை விருந்துகளில் அந்தக் கதையைச் சொன்னாரோ! ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று அடித்தது. ஒடீல் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று பார்த்தேன். அவள் காதில் எதுவும் விழுந்ததாகவே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் அவளிடமே இருக்கும், அவளும் அந்தப் பெரிய வேலையில் சேருவாள் என்று கெர் அங்கேயே சொல்லிவிட்டார். ஷார்வோ அவரைத் தோளில் கைபோட்டுச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள். காலடிச் சத்தம் படிக்கட்டில் இறங்கி ஓய்ந்தது. நானும் ஒடீலும் மட்டும் நின்றோம். இனிமேல் அவளைக் கேலி பண்ணலாம் என்று எனக்குத் தைரியம் வந்திருந்தது. உன் மேட்டுக்குச் சறுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பலாமா என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"பிளேஸ்."

"சொல்லு."

"இந்தச் சின்ன மேடு. உனக்கும் தெரியுதுல்ல?"

அவள் விளையாடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த கேலியை விழுங்கிவிட்டுத் தெரிகிறது என்றேன்.

"எங்க? கை வச்சுக் காட்டு."

தாளில் மேட்டின்மேல் விரலை வைத்தேன். அவளும் என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து, மேட்டின்மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டாள்.

"கெர்ருக்கும் தெரிஞ்சுதுதான?"

அவருக்கும் தெரிந்தது என்றேன்.